முதல் பைக்: பின்னாடி உட்காரப் போறது யாரு?

ரொம்ப நாளா இன்பாக்ஸ்ல வந்துட்டே இருக்கிற ஒரு கேள்வியை இன்னைக்கு எடுத்துக்கலாம். "அண்ணா, முதல் பைக் எடுக்கப் போறேன். எது எடுக்கலாம்? எடுத்ததும் என்னென்ன மாத்தலாம்?"

முதல்லயே சொல்லிடுறேன், நான் பைக் ரிவ்யூ பண்றவன் கிடையாது. சென்னையில கோடு எழுதிப் பிழைக்கிற ஆள். ஆனா சொந்த ஊர் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பர்ல தனி மாவட்டமா ஆனதுக்கு அப்புறம்தான் எங்க ஊர் எங்க இருக்குன்னு ஆபீஸ்ல விளக்கம் சொல்றது கொஞ்சம் குறைஞ்சுது. ஊருக்கு மேற்கால கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டினா ஏத்தம் ஆரம்பிச்சிடும். அங்கிருந்து வெள்ளிமலை, கரியாலூர், மேகம் அருவி. இந்தப் பக்கத்துல பைக் வாங்குற எந்தப் பையனுக்கும் முதல் கனவு அந்த ரோடுதான். அதனால அந்த மலையை வச்சே பேசலாம். ஒரு பைக்கோட நல்லது கெட்டது எல்லாத்தையும் அது வெளிய கொண்டு வந்துடும்.

போன வருஷம் என் சித்தப்பா பையன் பைக் எடுத்தான். வயசு 21, முதல் வேலை. மனசுல ஒரு மாடலை முடிவு பண்ணிட்டு, என்கிட்ட ஒப்புதல் வாங்க மட்டும் போன் பண்ணான். ஸ்போர்ட்டி பைக். பின் சீட்டு தனியா, முன் சீட்டுக்கு மேல ஒரு சாண் உயரத்துல நிக்கும். நான் அவன்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "பின்னாடி யாருடா உட்காரப் போறாங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஏன்னா பதில் அவனுக்கே தெரியும். சித்திக்கு முட்டி வலி. வாரத்துக்கு ஒரு தடவை கள்ளக்குறிச்சிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போகணும். இத்தனை நாளா பஸ்ஸுலயும் ஷேர் ஆட்டோவுலயும் போய்ட்டு இருந்தாங்க. பைக் வாங்க வீட்டுல சம்மதிச்சதுக்குக் காரணமே அதுதான். கரும்புப் பணத்துல சித்தப்பா முன்பணம் கட்டுறேன்னு சொன்னதும் அதுக்காகத்தான்.

நம்ம ஊர்ல முதல் பைக்குங்கிறது பெரும்பாலும் ஒரு ஆளோட பைக் இல்ல மக்களே. ஆர்சி உங்க பேர்ல இருக்கும். ஓடுறது குடும்பத்துக்கு. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க, தங்கச்சி காலேஜுக்குப் போவா, அப்பா உர மூட்டை ஏத்துவார். யூடியூப்ல வர்ற ரிவ்யூ எல்லாம் ஓட்டுறவனோட முதுகைப் பத்தித்தான் பேசுது. பின்னாடி உட்கார்றவங்களைப் பத்தி ரெண்டு வரிதான் வரும்.

அதனால நான் அவன்கிட்ட சொன்னது, "ஷோரூமுக்கு சித்தியையும் கூட்டிட்டு வா." அவனுக்குப் பிடிக்கல. இருந்தாலும் கூட்டிட்டு வந்தான். நானும் அன்னைக்கு ஊர்லதான் இருந்தேன். அவன் ஆசைப்பட்ட பைக்கைப் பார்த்ததும் சித்தி சேலையைச் சொருகிட்டு ஏற முயற்சி பண்ணாங்க. கால் எட்டல. "ஏன்டா, இதுல ஏற ஏணி எடுத்துட்டு வரணுமா?"ன்னு கேட்டாங்க. சேல்ஸ்ல நின்ன தம்பியே சிரிச்சிட்டார். ரெண்டாவது பைக்ல ஏற முடிஞ்சுது, ஆனா கைப்பிடி கைக்கு எட்டல. மூணாவது, நீளமான ஒரே சீட்டு, பின்னாடி கம்பி, பக்கவாட்டுல கால் வைக்க இடம். உட்கார்ந்துட்டு எதுவும் சொல்லல. இறங்காம அப்படியே உட்கார்ந்திருந்தாங்க. தம்பி அவங்க முகத்தைப் பார்த்தான். அங்கேயே முடிவாயிடுச்சு.

சரி, இப்ப பைக்கைத் தேர்ந்தெடுக்கறதுக்கு வருவோம். நான் பார்க்கச் சொல்றது அஞ்சு விஷயம்.

முதல்ல எடை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. நடுவுல 80 கிலோவுக்கு மேல வித்தியாசம், அதாவது இன்னொரு ஆளோட எடை. ஓடும்போது அது பெருசாத் தெரியாது. நிக்கும்போதுதான் தெரியும். மலைச் சரிவுல பைக்கை ஓரமா நிறுத்திட்டீங்க, இப்ப பின்னாடி தள்ளி எடுக்கணும், பின்சீட்டுல ஆள் இருக்காங்க. புதுசா ஓட்டுறவங்க பைக்கைக் கீழ போடுறது பெரும்பாலும் இப்படி நின்ன இடத்துலதான். அதனால ஷோரூம்ல உட்கார்ந்து பார்த்தா மட்டும் போதாது. இறங்கி, தள்ளிப் பாருங்க. வாசல்ல சரிவு இருந்தா அதுல பின்னாடி இழுத்துப் பாருங்க.

ரெண்டாவது, சீட்டு உயரம். ஸ்ப்ளெண்டர், எஃப்இசட், ஹண்டர் மாதிரி வண்டிகள் எல்லாம் 785, 790 மில்லிமீட்டர் பக்கம் வரும். எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி ஆஃப்ரோடு வண்டி 820-ஐத் தாண்டிடும். உங்க உயரம் அஞ்சரை அடின்னா இந்த மூணு சென்டிமீட்டர்தான் பாதம் முழுசா தரையில படுமா, விரல் நுனி மட்டும் படுமாங்கிறதைத் தீர்மானிக்கும்.

மூணாவது, பிரேக். 2019 ஏப்ரல் 1-ல இருந்து 125 சிசிக்கு மேல இருக்கிற எல்லா புது டூவீலருக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதுக்குக் கீழ உள்ளதுக்கு சிபிஎஸ் இருந்தாப் போதும்னு அப்போ விதி வந்துச்சு. ரெண்டும் ஒண்ணு இல்ல. சிபிஎஸ்ங்கிறது ஒரு பிரேக்கைப் பிடிச்சா ரெண்டு சக்கரத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். ஏபிஎஸ்ல சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு சென்சார் இருக்கும். சக்கரம் சுத்தாம லாக் ஆகப் போகுதுன்னு தெரிஞ்ச உடனே, பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள்ள பல தடவை விட்டு விட்டுப் பிடிக்கும். நம்ம பாஷையில சொன்னா ஒரு ஃபீட்பேக் லூப். பதறிப் போய் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிற புது ஆளுக்கு அது பெரிய உதவி. ஆனா சிங்கிள் சேனல்னா முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் அப்பவும் வழுக்கும். வளைவுல கொட்டிக் கிடக்கிற ஜல்லியில ஏபிஎஸ் இருந்தாலும் நிக்கிற தூரம் குறையாது. பணம் இடம் கொடுத்தா ஏபிஎஸ் உள்ள வண்டி எடுங்க. எடுத்துட்டு அது இல்லாத மாதிரி ஓட்டுங்க.

நாலாவது, பழுது பார்க்கிற வசதி. கல்வராயன் மலை மேல இருக்கிறவங்க என்ன ஓட்டுறாங்கன்னு பாருங்க. ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல், பழைய பல்சர். தினமும் அந்த ஏத்தத்துல மரவள்ளிக்கிழங்கு மூட்டையோட ஏறி இறங்குறவங்க அவங்க. பவர் வேணும்னு நாம அடம் பிடிக்கிற அதே ரோட்டுல 100 சிசி வண்டி ரெண்டாவது கியர்ல நிதானமா ஏறிட்டு இருக்கும். கிளட்ச் கேபிள் அறுந்தா சின்னசேலத்துலயும் சங்கராபுரத்துலயும் சாதாரணக் கடையில கிடைக்கணும். பாகம் சென்னையில இருந்து வரணும்னா அந்த ஒரு வாரம் சித்திக்கு மறுபடியும் பஸ்தான்.

அஞ்சாவது, பணம். இதை நிறுத்தி நிதானமாக் கேளுங்க. ஒரு லட்சம் கடன், மூணு வருஷம், "வட்டி பத்து பர்சன்ட்தான் சார்"னு சொல்வாங்க. ஃப்ளாட் ரேட்டான்னு கேளுங்க. ஃப்ளாட்னா மூணு வருஷத்துக்கு வட்டி 30,000. மாசம் சுமார் 3,611 ரூபாய். நீங்க மாசாமாசம் அசலை அடைச்சிட்டே வர்றீங்க, ஆனா வட்டி முழு ஒரு லட்சத்துக்கும் கடைசி வரைக்கும் ஓடுது. குறையுற அசலுக்கு வட்டின்னு கணக்குப் போட்டா அது கிட்டத்தட்ட 18 பர்சன்ட். எக்செல்ல ஒரு வரி ஃபார்முலா, போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிடுச்சு, அதுக்கு மேல 40. முதல் பைக்குக்கு 350-ஐத் தாண்ட வேண்டாம்னு சொல்ல இது இன்னொரு காரணம்.

பழைய வண்டி எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்சியில ஃபைனான்ஸ் பேர் இன்னும் இருக்கான்னு பாருங்க. கடன் முடிஞ்சிருந்தாலும் அதை நீக்காம விட்டிருப்பாங்க. பேர் மாத்துறதைத் தள்ளிப் போடாதீங்க. ஆர்சியில பழைய பேரே இருந்தா, ஏதாவது ஒண்ணு நடந்துட்டா விக்கிறவருக்கும் தலைவலி, உங்களுக்கும் தலைவலி.

இப்ப ரெண்டாவது பாதி. மாடிஃபிகேஷன்.

தம்பி சைலன்சர் மாத்தணும்னு தனியா 8,000 ரூபாய் சேர்த்து வச்சிருந்தான். நான் வேணாம்னு சொல்லல. "சட்டத்தைப் படி, அப்புறம் முடிவு பண்ணு"ன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்து ஆர்சியில பதிவான விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில அதைத்தான் உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம பாகங்களை மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னு வந்துச்சு. சத்தம், புகை அளவை மீறினா அது தனிப் பிரிவு. அதுல அபராதம் 10,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் மூணு மாசம் போகும்.

சட்டத்தை விடுங்க, மெக்கானிசத்தைப் பாருங்க. 2020 ஏப்ரல்ல இருந்து வர்ற பிஎஸ்-6 வண்டியில சைலன்சருக்குள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கு, வழியில ஆக்சிஜன் சென்சார் இருக்கு. அந்த சென்சார் சொல்றதை வச்சுத்தான் ஈசியூ பெட்ரோல் அளவை முடிவு பண்ணுது. குழாயை மாத்தினா ஈசியூவுக்குத் தப்பான தகவல் போகும். சத்தம் கூடும், மைலேஜ் குறையும், பவர் கூடணும்னு எந்த அவசியமும் இல்ல.

சட்டம், மெக்கானிசம் தவிர மூணாவது ஒண்ணு இருக்கு. சனி, ஞாயிறு ஆனா சென்னை, புதுச்சேரி, சேலம்னு எல்லாப் பக்கம் இருந்தும் ரைடு வர்றாங்க. வாங்க, சந்தோஷம். ஆனா மலையில சத்தம் பள்ளத்தாக்குல மோதித் திரும்பி வரும். ஒரு வண்டி வளைவு வளைவா ஏறி முடிக்கிற வரைக்கும் எதிர்மலையில இருக்கிற ஊருக்குக் கேட்கும். அங்க மலையாளி பழங்குடி மக்கள் வாழ்றாங்க. குழந்தை தூங்கும், வயசானவங்க இருப்பாங்க. 2024-ல சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து இந்த மலை மக்களோட வாழ்க்கை நிலையைப் பத்தி வழக்கு எடுத்துச்சு. அதுல பேசப்பட்ட அடிப்படை வசதிகள்ல ரோடும் ஒண்ணு. நமக்கு அது ரீல்ஸ் எடுக்கிற ரோடு. அவங்களுக்குப் பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வர்ற ரோடு. வளைவுல வண்டியைக் குறுக்கே நிறுத்திப் படம் பிடிக்கிறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

சரி, எதைத்தான் மாத்தலாம்? முதல்ல காசு செலவே இல்லாதது. கிளட்ச் லீவரோட கோணம், பிரேக் பெடல் உயரம், கண்ணாடி, பின் ஷாக் அப்சார்பரோட இறுக்கம். இதெல்லாம் உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி வச்சு யாரும் தர மாட்டாங்க. மெக்கானிக் பத்து நிமிஷத்துல பண்ணிடுவார், கேட்டாத்தான். அடிக்கடி ரெண்டு பேர் போறீங்கன்னா பின் ஸ்பிரிங்கை ஒரு படி ஏத்தி வைக்கச் சொல்லுங்க. ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பின்னால தாழ்ந்து, ஹெட்லைட் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். அதையும் ஸ்க்ரூ திருகி இறக்கிக்கலாம். டயர் காத்துக்கு வண்டியிலயே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க. பல வண்டியில தனியாப் போறதுக்கு ஒரு அளவு, ரெண்டு பேருக்கு ஒரு அளவு போட்டிருக்கும்.

அடுத்தது சேலைத் தடுப்பு. எங்க பக்கம் பசங்க ஷோரூம்ல இருந்து வெளிய வந்ததும் முதல்ல கழட்டுறது அதைத்தான், பைக் அசிங்கமா இருக்காம். மத்திய மோட்டார் வாகன விதி 123-ல பின்சீட்டுக்குக் கைப்பிடி, கால் வைக்கிற இடம், பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மறைக்கிற தடுப்பு, மூணையும் சேர்த்தே கேக்குறாங்க. எதுக்குன்னா சேலை, துப்பட்டா சக்கரத்துல சிக்குனா ஒரே இழுப்புதான். கழுத்தையோ இடுப்பையோ இழுத்து ஆளைக் கீழ போட்டுடும். சேலை கட்டினவங்க பெரும்பாலும் இடது பக்கமா ரெண்டு காலையும் போட்டு உட்கார்றாங்க. அதனால சரியான மாடிஃபிகேஷன், தடுப்பைக் கழட்டுறதுக்குப் பதிலா, கம்பெனி ஆக்சஸரியா வர்ற அகலமான கால் பலகையைச் சேர்க்கிறதுதான்.

தம்பியோட 8,000 ரூபாய்க்கு வருவோம். அதுல சித்திக்கு ஒரு ஐஎஸ்ஐ ஹெல்மெட், அந்தக் கால் பலகை, அவனுக்கு ஒரு நல்ல கையுறை, மழை கோட்டு ரெண்டு. மீதிக்கு முன்னாடி கீழ மாட்டுற ரெண்டு சின்ன எல்இடி விளக்கு. ஹெல்மெட்டைப் பத்திப் பேசும்போது ஒரு எண்ணிக்கையைச் சொல்லிடுறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தோட 2022 அறிக்கைப்படி ஹெல்மெட் போடாம இறந்தவங்க 50,029 பேர். அதுல 14,337 பேர் பின்னாடி உட்கார்ந்து போனவங்க. பின்சீட்டுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு பிரிவு 129 சொல்லுது. ஆனா நம்ம தெருவுல எத்தனை அம்மா தலையில ஹெல்மெட் பார்க்குறீங்க?

விளக்கு எதுக்குன்னா, கரும்பு வெட்டு நடக்கிற மாசத்துல ராத்திரி எங்க பக்கத்து ரோட்டுல பின் லைட்டே இல்லாத டிராக்டர் டிரெய்லர் போகும். நீட்டிட்டு இருக்கிற கரும்பு கிட்டப் போனாத்தான் தெரியும். 40 கிலோமீட்டர் வேகத்துல ஒரு நொடிக்கு 11 மீட்டர் போறோம். பார்த்து, மூளைக்கு உறைச்சு, பிரேக் பிடிச்சு நிக்க ஏறக்குறைய 27 மீட்டர் ஆகும். 60-ல அது 48 மீட்டர். வேகம் ஒண்ணரை மடங்கு கூடினா பிரேக் தூரம் மட்டும் ரெண்டே கால் மடங்கு கூடும். உங்க வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டுதோ, அதுக்குள்ள நிக்கிற வேகம்தான் ராத்திரிக்கு வேகம்.

விளக்கு மாட்டும்போது ஒயரை வெட்டி முறுக்கி டேப் ஒட்டுறவர்கிட்ட போகாதீங்க. ரெண்டு 20 வாட் விளக்குன்னா மொத்தம் 40 வாட், 12 வோல்ட்ல சுமார் 3.3 ஆம்பியர். தனி ரிலே, 5 ஆம்பியர் ஃபியூஸ், ஒயரை வெட்டாம சொருகுற கனெக்டர். கம்பெனி ஒயரை வெட்டினா வாரண்டி கிளெய்ம்ல சிக்கல் வரும், மழையில ஷார்ட் ஆகும். இறக்கத்துல நடுராத்திரி மொத்தமா அணைஞ்சு போனா என்ன பண்ணுவீங்க? விளக்கைக் கீழ பார்த்து திருப்பி வைங்க. மார்கழி மூடுபனியில ஹை பீம் போட்டா வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

தொட வேணாம்னு நான் சொல்ற இன்னும் ரெண்டு. ஒண்ணு, அகல டயர். குறுகலான ரிம்முல அகல டயரைப் போட்டா ஓரம் பிதுங்கி வடிவம் மாறிடும், வளைவுல சாயும்போது வண்டி நீங்க நினைக்கிற மாதிரி திரும்பாது. தேய்ஞ்சா அதே அளவுல நல்ல டயர் போடுங்க. இன்னொண்ணு, கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் கழட்டுறது. அதுக்கு விளக்கமே வேண்டியதில்ல.

எதை மாத்தினாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. ஆபீஸ்ல ஒரே நாள்ல பத்து மாற்றத்தை ஏத்திட்டு, எது உடைச்சுதுன்னு தெரியாம முழிக்கிறோம்ல, அதே கதைதான். ஒண்ணை மாத்துங்க, 200 கிலோமீட்டர் ஓட்டுங்க, அப்புறம் அடுத்தது. கழட்டின ஒரிஜினல் பாகத்தைத் தூக்கிப் போடாதீங்க.

கடைசியா மலை. முதல் சர்வீஸ் முடிஞ்சதும் நானும் தம்பியும் ரெண்டு வண்டியில வெள்ளிமலைக்குப் போனோம். அன்னைக்கு அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். பெட்ரோலைக் கீழயே போட்டுக்கோங்க. மேல சில இடத்துல சிக்னல் இருக்காது, வீட்டுல சொல்லிட்டு ஏறுங்க. குறுகலான இடத்துல ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும். கொண்டை ஊசி வளைவுல ஹாரன் அடிச்சு, இடது ஓரத்தை விடாம திரும்புங்க. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடுங்க.

இறக்கத்துல பெட்ரோல் மிச்சம் பண்றேன்னு இன்ஜினை ஆஃப் பண்ணி உருட்டி விடுற பழக்கம் நம்ம பக்கத்துல நிறைய. அது ரொம்ப ஆபத்து. கியர்ல இருக்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடிச்சு வைக்கும். நியூட்ரல்ல விட்டா மொத்தச் சுமையும் பிரேக்குக்குப் போகும். தொடர்ந்து பிடிச்சா சூடேறிப் பிடிமானம் குறையும், டிஸ்க்கா இருந்தாலும் டிரம்மா இருந்தாலும். எந்த கியர்ல ஏறினீங்களோ அதே கியர்ல இறங்குங்க. அதுவும் இல்லாம, ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில ஆக்சிலரேட்டரை மூடிட்டு கியர்ல இறங்கும்போது ஈசியூ பெட்ரோலை ஏறக்குறைய நிறுத்திடும். மிச்சம் பண்ண நினைச்சது தானாவே நடக்குது.

தம்பி முதல்ல கொஞ்சம் பயந்தான். நாலாவது வளைவுக்கு அப்புறம் தோள் இறங்குச்சு. நான் முன்னாடி போகாம பின்னாடியே வந்தேன். முன்னாடி போறவனைத் துரத்தித்தான் புது ஆளுங்க வேகத்தைக் கூட்டிக்கிறாங்க. நீங்க குரூப்பா போனாலும் புதுசா ஓட்டுறவரை முன்னாடி விடுங்க, அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

இப்ப அவன் வாராவாரம் சித்தியை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறான். சித்தி ஹெல்மெட்டுக்குள்ள பூ கசங்குதுன்னு புலம்பல் தனி. அதனால பூவைக் கவர்ல போட்டுக் கையில வச்சுக்கிறாங்க, இறங்கினதும் வச்சுக்கிறாங்க.

அவ்வளவுதான் மக்களே. நீங்க முதல் பைக் பார்த்துட்டு இருந்தா, உங்க பட்ஜெட், உங்க உயரம், முக்கியமா பின்னாடி யார் உட்காருவாங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதுல சிலதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹெல்மெட்டோட பட்டையையும் மாட்டுங்க, தலையில வச்சா மட்டும் போதாது. பார்த்துப் போயிட்டு வாங்க.